விழப்போகிறவனின் பெயர்

என் தம்பி சூசைக்கு, நீ எங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தாலும் இந்த அக்காவின் குரல் உன் காதில் விழட்டும்.

தென்மேற்குக் கச்சான் காற்று அடங்கிவிட்டது. முல்லைத்தீவுப் பக்கம் போயிருந்த போட்டுகள் லொறிகளில் திரும்பி வந்து கரையில் நிற்கின்றன. தொழிலாளிகள் தங்குகிற வாடிகளுக்குப் புதுத் தென்னோலைக் கிடுகு கட்டுகிறார்கள். நான் கருவாட்டுத் தட்டுகளைக் கழுவிக் காயப் போட்டுவிட்டேன். இந்த முறை சீசன் நன்றாக இருக்கும் என்று ஊரில் எல்லோரும் கதைக்கிறார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு சரியில்லை.

ஏன் என்று கேட்பாய். உன் மருமகன் ரொஷான் சனிக்கிழமை போதைப் புனர்வாழ்வு முகாமிலிருந்து வீட்டுக்கு வருகிறான்.

ஓம், என் மகன்தான். நீ போகும்போது அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. உன் சவப்பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனவன் அவன். இவன் இனி உன்னைக் கொண்டுபோன அந்தத் தூள் இருக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான் என்று நான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பிறகு ஒரு நாள் பொலிஸ் வந்து அவனை என் முற்றத்தில் வைத்துப் பிடித்தது. அதற்குப் பிறகு கோர்ட், முகாம். உனக்கு நடந்த அதே வரிசை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தூள் மறுபடியும் கரைக்கு இறங்கியிருக்கிறது. எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. வியாபாரம் செய்கிறவளுக்குச் சொல்லவும் தேவையில்லை. மீன் படாத கிழமையில் வாடிப் பொடியன்கள் பொரித்த கோழி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். களப்புப் பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்ட வான் ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்குகிறவர்கள் கரை நீளத்துக்கும் நடக்கிறார்கள், ஆனால் மீன் விலை கேட்பதில்லை. கரைக்கு வந்தும் மீன் விலை கேட்காத மனிதர் மீனுக்கு வந்தவர் இல்லை.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் வாங்குகிற நடைமுறையை நிறுத்தியபோது நாம் எப்படிச் சந்தோஷப்பட்டோம்! நினைத்த நேரம் கடலுக்குப் போகலாம், நினைத்த தூரம் போகலாம் என்று நீ துள்ளினாய். கடல் எங்களுக்குத் திறந்தால் மற்றவனுக்கும் திறக்கும் என்று அன்றைக்கு யாருக்குப் பட்டது?

நீ பாயில் சரிந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் நான் உனக்கு அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதே பாய் இன்னொருவனுக்கு விரிக்கப்படப் போகிறது.

நீ முகாமிலிருந்து வந்த புதிசு. முகம் தெளிந்து, உடம்பு போட்டிருந்தாய். வந்த பிறகு முதல் தடவை கடல் தொழிலுக்குப் போய் விடியக் கரைக்கு வந்தாய். நான் அன்றைக்குச் சிலாபத்துக்குக் கருவாடு ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். தூளை யாரிடம் வாங்கினாய், எங்கே ஒதுங்கி இழுத்தாய் என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் போவதில்லை. வாடிக்குள் வந்து படுத்தாய். குறட்டை விட்டாய்.

வாடிச் சட்டம் உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் வாசிக்கிற வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். கடலில் இரவு முழுக்கக் கிடந்துவிட்டு வந்து படுத்தவனை யாரும் எழுப்பக் கூடாது. போட்டுக்கும் வாடிக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியே ஆனாலும் எழுப்ப மாட்டார். பக்கத்தில் வலை தைக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். நித்திரை குறைந்தவன் அடுத்த இரவு கடலில் தவறி விழுவான், அதனால் வந்த மரியாதை அது. நல்ல மரியாதைதான்.

அந்த மரியாதையை உனக்கும் குறையில்லாமல் தந்தார்கள், தம்பி.

நம் சம்மாட்டி பெனடிக்ற் அண்ணன்தான் பிறகு எனக்கு அழுதழுது சொன்னார். உன் குறட்டை அவ்வளவு பெரிதாக இருந்ததாம். "சூசை என்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டான்டா" என்று பொடியன்கள் சிரித்தார்களாம். ஒருவன் எழும்பி ரேடியோவை நிறுத்தினான். இலையான் மொய்க்கிறது என்று இன்னொருவன் உன் காலுக்குத் தன் சாரத்தைப் போர்த்தினான். பகல் சோற்றில் உன் பங்கை எடுத்து மூடி வைத்தார்கள். பிறகு குறட்டை நின்றது. "இப்பதான் நல்லா அயர்ந்து போனான்" என்று சொன்னது பெனடிக்ற் அண்ணனே. அதற்குப் பிறகு எல்லோரும் இன்னும் மெதுவாக நடந்தார்களாம்.

பட்டப்பகல். ஒரு வாடி நிறைய உன்னில் பாசமுள்ள ஆட்கள். ஒருவர் கைநீட்டி உன் தோளைத் தொட்டிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் பிள்ளை என்னை இருத்திவைத்து விளங்கப்படுத்தியது. "அது குறட்டை இல்ல அம்மா. மூச்சு அடைபட்டுப் போற சத்தம். தூள் மிஞ்சிப் போனா உடம்பு மூச்சு விடுறத விட்டிடும். அதைத் திருப்புறதுக்கு ஒரு மருந்து இருக்கு, நலொக்சோன் எண்டு. நேரத்துக்கு ஊசி போட்டிருந்தா எழும்பியிருப்பார்."

"எங்க இருக்கு அந்த மருந்து?" என்று கேட்டேன்.

"இங்க இருக்கு" என்றது அந்தப் பிள்ளை.

நான் தலையில் கூடை வைத்து வீடு வீடாகத் திரிந்து மேலே வந்தவள். எந்தச் சாமானை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று விளங்கினதால்தான் பிழைத்தேன். மீன் கரையில் கிடக்க ஐஸைச் சந்தையில் வைத்திருந்தால் மீன் என்ன ஆகும்? வாடியிலிருந்து மணல் ரோட்டில் உருண்டு, தார் ரோட்டைப் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்குகிற வரைக்கும் மூச்சு காத்திருக்குமா? ஆட்கள் விழுவது இங்கே. மருந்து இருப்பது அங்கே. இதற்கு நடுவில்தான் நீ போனாய்.

உண்மையைச் சொன்னால், உனக்கான மாதப் பூசைகள் முடிந்த பிறகு நானும் வேலையில் மூழ்கிவிட்டேன். ரொஷானைப் பிடித்த பிறகுதான் அந்த மருந்தைத் தேடி எழும்பிப் போனேன்.

புத்தளம் டவுனில் பாமசி வைத்திருக்கிற நியாஸ் நானாவை உனக்கு நினைவிருக்கும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, கையில் ஒரு பையோடு தில்லையடிக்கு வந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கடை போட்டவர். வியாபாரிக்கு வியாபாரி கதைத்தால் காரியம் ஆகும் என்று போய் மருந்தைக் கேட்டேன்.

"யாருக்கு தங்கச்சி?" என்றார்.

"வாடிக்கு."

"வாடிக்கு மருந்து குடுக்க ஏலாது. ஆளுக்குத்தான் குடுக்கலாம். டாக்டர் எழுதின மருந்துத் துண்டு வேணும். துண்டுல ஆள்ட பேர் இருக்கணும்."

"ஆள் இன்னும் விழல நானா."

"அப்ப விழப்போற ஆள்ட பேரைச் சொல்லுங்க."

"அது தெரிஞ்சா நான் மருந்துக்கா வருவன்? அவனைத் தூணோட கட்டிப்போட்டுட்டு வீட்டில இருக்க மாட்டனா?"

மனிதர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் தரமாட்டன்னு சொல்லல தங்கச்சி. துண்டில்லாம தந்தா என்ட கடைய மூடுவாங்க. மூடினா இந்தப் பக்கத்துச் சனத்துக்குச் சீனி வருத்தத்துக்கும் மருந்தில்ல, பிரஷருக்கும் இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ற?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. டாக்டரிலும் பிழை இல்லை, வாடிக்காரர்களிலும் பிழை இல்லை. ஒருவரிலும் பிழை இல்லாமல் ஒரு மனிதன் செத்துப்போகலாம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இத்தாலியில் இருக்கிற நம் மச்சாள் பிலோமினாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே இதே மருந்தைப் பாமசியில் துண்டில்லாமல் வாங்கலாமாம், பெயரும் கேட்பதில்லையாம். "வரக்குள்ள கொஞ்சம் கொண்டு வாவன்" என்றேன். "எயார்போட்டில பையைத் திறந்து, இது ஆருக்கு எண்டு கேட்டா நான் என்னடி சொல்ற?" என்றாள். அங்கேயும் அதே கேள்வி பார், ஆருக்கு, ஆருக்கு.

கடைசியில் அந்த டாக்டர் பிள்ளையிடமே திரும்பிப் போனேன். அதுவும் பேனையை எடுத்து, "பேர் சொல்லுங்க அம்மா" என்றது. ரொஷான் என்ற அந்தப் பெயரை ஞானஸ்நானத் தொட்டியடியில் சாமியாரிடம் சொன்னதும் நான்தான். அன்றைக்கு வந்தது போல வாயில் சுலபமாக வரவில்லை. சொன்னேன்.

டாக்டர் பிள்ளை எழுதிக்கொண்டே சொன்னது: "வெளியில வந்த முதல் நாட்கள்தான் சரியான ஆபத்து. முகாமில இருந்த காலத்தில உடம்பு தூளை மறந்திருக்கும். இவர் பழைய நினைப்பில பழைய அளவை எடுப்பார். உடம்பு தாங்காது." அப்போதுதான் தம்பி, உன் முகம் தெளிந்திருந்ததையும் உடம்பு போட்டிருந்ததையும் நினைத்தேன். நாங்கள் அதைப் பார்த்துத்தானே ஆறுதல்பட்டோம்.

ஒரு தோடம்பழத்தில் ஊசி குத்திப் பழக்கியது. தொடையில் எப்படிப் போடுவது, தலையைச் சரித்து வாய்க்குள் எப்படி மூச்சு ஊதுவது, மூச்சு வந்ததும் ஆளை எப்படி ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பது, எல்லாம் காட்டியது. தூள் இல்லாமல் வேறு காரணத்தால் மயங்கினவனுக்குப் போட்டாலும் பெரிய தீங்கு வராதாம். ஆனால் மருந்தின் பலம் கொஞ்ச நேரம்தான். அது இறங்கினால் மூச்சு மறுபடி நிற்கலாம், அதனால் எழும்பினவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கோயில் வாசலில் ஒருத்தி, "மகன் வாறதுக்கு முதலே மருந்து வாங்கி வச்சிட்டியாம், நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டாள். "ஆண்டவரில இருக்கு, மகனில இல்ல" என்றேன். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

துண்டைக் காட்டி நியாஸ் நானாவிடம் வாங்கிய இரண்டு குப்பி மருந்தை வீட்டு அலுமாரியில் வைத்துப் பயனில்லை. ஒரு பெட்டியில் போட்டு வாடிக்குக் கொண்டுபோனேன். பெனடிக்ற் அண்ணன் பெட்டியைத் தொடவே பயந்தார்.

"இதை வச்சா பொடியன்களுக்குத் துணிவு வரும் எமில்டா."

"போட்டில மிதக்கிறதுக்கு வெறுங் கேன் கட்டி வச்சிருக்கிறீங்களே அண்ணன், அதால ஆரும் துணிஞ்சு கடல்ல குதிச்சாங்களா?"

"பொலிஸ் கண்டா இதைத் தூள் வாடி எண்டு சொல்லும்."

"என்ட தம்பி கிடந்த அண்டைக்கும் பொலிஸ் வந்ததுதானே. அப்ப என்ன, கோயில் எண்டா சொல்லிச்சு?"

பின்னாலிருந்து ஒருவன், "அக்கா கருவாட்டோட பாமசியும் நடத்தப் போறா" என்றான். "ஓம்டா, உனக்குத்தான் முதல் ஊசி, சாரத்தைத் தூக்கித் தொடையைக் காட்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கமுதல் சொல்லிவிட்டேன்: "இந்தப் பெட்டி தொங்காத வாடியில நான் இனி மீன் எடுக்க மாட்டன்."

"மிரட்டுறியா?" என்றார் பெனடிக்ற் அண்ணன்.

"ஓம்."

பெட்டி பூட்டில்லாமல் தொங்கியது. பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. படுத்திருக்கிறவனை இடைக்கிடை தோளில் தட்டிப் பெயர் சொல்லி எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பூட்டில்லாத மருந்துக்குச் சம்மதித்தவர்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை. "கடலால வந்தவனை எழுப்புறதோ? நீ ஒரு நாள் கடலுக்குப் போயிருந்தா இப்பிடிக் கதைப்பியா?" என்று கிழவர்கள்கூடக் கத்தினார்கள். "எழுப்பினா கெட்ட வார்த்தையால கிழிப்பாங்கள்" என்றான் ஒருவன்.

பெனடிக்ற் அண்ணன் அதுவரைக்கும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிழிக்கட்டும். ஏசுறவன் உசிரோட இருக்கிறான். என்னையே ஏசட்டும், நான் எழுப்புறன்" என்றார். அதோடு சண்டை முடிந்தது.

போன கிழமை ஒருவன் எழும்பவில்லை.

ஜகத் என்று பெயர். வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து வலை இழுக்க வந்த சிங்களப் பொடியன். சோறு வடிக்கிற நேரம். பெனடிக்ற் அண்ணன் உலுக்கிப் பார்த்துவிட்டுக் கத்தின கத்தல் கருவாட்டுத் தட்டடியில் நின்ற எனக்குக் கேட்டது. ஓடிப்போனேன். வாய்ச் சொண்டு நீலம். தொண்டைக்குள் அந்தச் சத்தம். உன்னிடமிருந்து வந்து நான் கேட்காமல் போன சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன், தம்பி.

பெட்டியைத் திறந்தேன். மருந்துப் பையின் மேல் ரொஷானின் பெயர். பக்கத்தில் நின்றவன், "அக்கா, இது ரொஷான்டது. அவன் வரப்போறானே" என்று மெல்லச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, எனக்காகத்தான் சொன்னான். என் கை நின்றது. உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், நின்றது. ஜகத்தின் நெஞ்சு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. குப்பியின் கழுத்தை உடைத்தேன்.

முதல் ஊசிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெனடிக்ற் அண்ணன் அவன் வாய்க்குள் ஊதிக்கொண்டே இருந்தார். இருந்த மற்றக் குப்பியையும் உடைத்துப் போட்டேன். பிறகு ஒரு மூச்சு இழுத்தான். இன்னொன்று. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, நித்திரையைக் கெடுத்ததற்காக இரண்டு பாஷையிலும் ஏசினான். "ஏசு மகன், நல்லா ஏசு" என்று பெனடிக்ற் அண்ணன் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டான்.

அதனால் பெட்டி இப்போது வெறுமையாகத் தொங்குகிறது.

மறுநாளே நியாஸ் நானாவிடம் போனேன். "ரொஷான் இன்னும் முகாமிலதானே? அப்ப மருந்து எப்பிடி முடிஞ்ச? யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டவர், நான் வாயைத் திறக்கமுதல் கையைக் காட்டி மறித்தார். "வேணாம், சொல்லாதீங்க. நான் கேக்கல, நீங்க சொல்லல. புதுத் துண்டு ஒண்டு கொண்டு வாங்க, அந்த நிமிஷமே தாறன்." அந்த டாக்டர் பிள்ளைக்கு இடமாற்றம் வந்து போய்விட்டது. புதிதாக வந்தவர் மரியாதையான மனிதர். ஆளைக் காணாமல் எழுத மாட்டாராம். "மகன் வந்ததும் திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். வேறு இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பெயரும் ஆளும்தான்.

ரொஷான் வருவது சனிக்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது.

ஞாயிறு என்றால் உனக்குத் தெரியும். கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்தால் பொடியன்களுக்கு வேலை இல்லை. நான் கவனித்துப் பார்த்தேன், அந்தக் கறுப்புக் கண்ணாடி வான் வருவதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

நேற்று ரொஷான் முகாமிலிருந்து போன் எடுத்தான். "என்ட பேரில மருந்து வாங்கினீங்களாம். நான் சாவன் எண்டு முடிவெடுத்திட்டீங்களா அம்மா?" என்றான். கோபம்தான். ஜகத்துக்கு நடந்ததைச் சொன்னேன். "நல்ல வேலை செஞ்சீங்க" என்றான். பிறகு, "அப்ப எனக்கு?" என்று கேட்டுச் சிரித்தான். பகிடிக்குத்தான் கேட்டான். இனித் தொட மாட்டேன், பயப்பட வேண்டாம், அளவாகச் சாப்பிட்டு உடம்பும் தேறியிருக்கிறேன் என்றான். நீயும் அப்படித்தான் தேறியிருந்தாய்.

நான், பெனடிக்ற் அண்ணன், நியாஸ் நானா மூவரும் ஒப்பம் வைத்துச் சுகாதார மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். பாமசியில் பெயர் கேட்காமல் இதைக் கொடுக்க விடுங்கள். வாடிகளில், பஸ் நிலையத்தில், கோயிலில், பள்ளிவாசலில் வைக்க விடுங்கள். போடத் தெரியாதவர்களுக்குப் பழக்குங்கள். கவனிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கவனிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு தவணை இல்லை. எனக்குத்தான் தவணை. அதனால்தான் உனக்கு எழுதுவதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். என் மகனின் பெயர் ஊர் வாயில் ஏறியாகிவிட்டது, இன்னும் நாலு பேர் வாசிப்பதால் கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாசிக்கிறவர்களில் யாராவது ஒருவரின் கையில் அந்த மருந்து இருக்குமோ என்று ஒரு நப்பாசையும் இருக்கிறது.

தம்பி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறு முழுக்க அவன் பாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். கண் மூடினால் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், பதில் வரும்வரைக்கும் கூப்பிடுவேன், எவ்வளவு ஏசினாலும் கூப்பிடுவேன். திங்கள் விடிய அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிறுத்துவேன். அந்தப் பெட்டி நிறைந்த பிறகும் விட மாட்டேன். பெயர் இல்லாதவனுக்கும் அது கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன்.

ஆனால் நான் ஒரு மனுஷி. எனக்கும் கண் அயரலாம். அந்த நேரத்தில் அவன் உன் பக்கம் வந்தால், இடம் கொடுக்காதே. எழுப்பி அனுப்பிவிடு.

உன் அக்கா,
ரொஷானின் அம்மா,
எமில்டா